வலது காதில் நான்

உங்க குரல் இன்னொருத்தர் வாயிலிருந்து வருவதை நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டதோடு நிற்காமல், "என்னமா பாடறாரு நம்ம மனுசன்" என்று பெருமைப்பட்டு, அந்த மனுசனுக்கு ரெண்டு முட்டை சேர்த்து உடைத்து ஊற்றியிருக்கிறீர்களா?

நான் ஊற்றியிருக்கிறேன். அந்த முட்டையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் பேர் கலைமதி. அதியமான்கோட்டையில் பெரிய ரோட்டை ஒட்டி எங்க வூடு. எங்க வூட்டுக்காரர் மாதவராஜ் ரோட்டு மேலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். உடைந்த போனை ஒட்டுவார், செத்த போனை எழுப்புவார், ஊமையான போனைப் பேச வைப்பார். நல்ல மனுசன். குடி கிடையாது. சீட்டு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம். பாடுவார்.

பாடினால் என்ன என்று கேட்பீர்கள். அவர் குரல் அவ்வளவு மெல்லிசு. குளிக்கிற ரூமில் பாடினால் தண்ணீர் விழுகிற சத்தம்தான் வெளியே கேட்கும். ஆள் ஆறடி. குரல் ஆறு அங்குலம்.

என் குரல் அதற்கு நேர் எதிர். கட்டை. ஆறாவது படிக்கும்போது காலையில் பிரேயர் பாட என்னையும் முன்னால் நிற்க வைத்தார்கள். ரெண்டாம் நாளே டீச்சர் காதோரம் வந்து, "கலை, நீ வாய மட்டும் அசை, போதும்" என்றார். பத்தாவது முடிக்கிற வரைக்கும் அசைத்தேன். அஞ்சு வருசம் சத்தமே இல்லாமல் பாடியவள் நான். அதற்கப்புறம் நான் வாய்விட்டுப் பாடியது ஒரே ஆளுக்குத்தான். எங்க பாப்பாவுக்கு. ஒன்றே முக்கால் வயசு. அவளுக்கு இந்தக் கட்டைக் குரல் காதில் விழுந்தால்தான் கண் சொருகும்.

இப்படி இருக்கையில், போன தை மாதம் ஒரு நாள். தக்காளி பறித்துவிட்டு மத்தியானம் வூட்டுக்கு வந்தேன். மூட்டை போட்டு வைக்கிற ரூமைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை.

சுவர் முழுக்க ஆணி அடித்து என் கல்யாணப் பட்டுச்சேலை. எதிர்ச் சுவரில் நிச்சயதார்த்தச் சேலை. மேலே கூரைக்குப் பாப்பாவின் மெத்தை. நாலு மூலையிலும் நாலு புளி மூட்டை. நடுவில் ஒரு கம்பி, கம்பியில் ஒரு மைக், மைக்குக்கு முன்னால் என் டீ வடிகட்டி.

"என்னாங்க இது?"

"ஸ்டுடியோ."

"அது என் கல்யாணச் சேலைங்க."

"இப்ப அது சேலை இல்ல கலை. பாடுற சத்தம் சுவத்துல மோதித் திரும்பி வரக்கூடாது. பட்டு நல்லா குடிக்கும்."

"என்னாத்தக் குடிக்கும்?"

"சத்தத்த."

"புளி மூட்டை?"

"மூலையில போயி ஒளிஞ்சிக்கிற சத்தத்த அது குடிக்கும்."

"டீ வடிகட்டி?"

"அப்பா, முனியப்பான்னு பாடுனா வாய்க்காத்து மைக்குல பட்டு டப்பு டப்புங்கும். அத வடிகட்டும்."

"அப்ப டீய எதுல வடிகட்டறது?"

அன்றிலிருந்து எங்க வூட்டில் டீயைத் துணியில்தான் வடிகட்டினோம்.

விசயம் இதுதான். எங்க ஊர் முனியப்பன் கோயில் திருவிழாவுக்கு ஒரு புதுப் பாட்டு வேண்டும் என்று விழாக் குழுத் தலைவர் ராஜாமணி மாமா யோசனை சொன்னாராம். இவர் எழுந்து நின்று, "நானே எழுதி, நானே பாடி, நானே பதிவு பண்ணித் தர்றன்" என்று சொல்லிவிட்டாராம். ராஜாமணி மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் சரி என்றுவிட்டார்.

பாட்டு எழுதினார். "எல்லை காக்கும் முனியப்பா, எங்க தெருவக் கொஞ்சம் பாருமப்பா" என்று ஆரம்பம். மெட்டு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"மெட்டு ஏதுங்க?"

"தானா வந்துச்சு."

தானாகத்தான் வந்திருக்கும். பக்கத்து ரூமில் நான் பாப்பாவைத் தூங்க வைக்க தினம் நாலு தடவை இழுக்கிற தாலாட்டு, பட்டுச்சேலை குடித்தது போக மிச்சம், சுவரைத் தாண்டித் தானாக வந்திருக்கும்.

பதிவு ஆரம்பித்தது. முதல் நாள் பாடிவிட்டு அவரே கேட்டார். முகம் சுண்டிப்போனது.

"என்னாங்க?"

"ஒல்லியா இருக்குது."

"நீங்க சரியாத்தான இருக்கீங்க."

"குரலு. தோ பாரு கலை, பெரிய பெரிய பாட்டுக்காரங்க கூட ஒரு தடவை பாடி விட்டுற மாட்டாங்க. அதே பாட்ட ரெண்டாந்தடவை பாடுவாங்க. ஒண்ண எடது காதுல வெப்பாங்க, ஒண்ண வலது காதுல வெப்பாங்க. கேக்கறவனுக்கு நடுவுல ஒரு பெரிய ஆளு நின்னு பாடுற மாதிரி இருக்கும். அப்பதான் குரலுக்குச் சதை புடிக்கும்."

"அதுக்கு எதுக்கு ரெண்டு தடவை தொண்டையக் கிழிக்கணும்? ஒரு தடவை பாடினத நகல் எடுத்து ஒட்டிருங்க."

என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அச்சு அசலா ஒண்ணா இருந்தா சத்தந்தான் கூடும், சதை கூடாது. ரெண்டுக்கும் கொஞ்சூண்டு வித்தியாசம் இருக்கணும். ரொம்ப இருந்தாலும் ஆவாது, அடிதடியாப் போயிடும்."

"புருசன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுங்க."

"இதெல்லாம் உனக்குப் புரியாது, போ."

புரியாதவள் போனேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு நாள் பாடினார். எட்டு நாளும் எட்டுப் பாட்டு. முதல் தடவை பாடினது தர்மபுரியில் பஸ் ஏறினால், ரெண்டாவது பாடினது பாலக்கோட்டில் இறங்கும். ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டால், பஸ் ஸ்டாண்டில் சில்லறைக்குச் சண்டை போடுகிற ரெண்டு பேர் மாதிரி இருந்தது. அதை மறைக்க எதிரொலியை ஊற்றினார். சண்டை கிணற்றுக்குள் போய் நடந்தது. போதாததற்கு மூலையில் புளி வாசம். ஒவ்வொரு வரிக்கும் எச்சில் முழுங்கியே ஆக வேண்டும்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாப்பா என் இடுப்பில். இவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். முகத்தில் என்றைக்கும் இல்லாத சாந்தம். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"கலை, மைக்குல என்னமோ கொர்ருங்குது. இந்தப் பாட்டக் கொஞ்சம் பாடேன். சும்மா மைக் டெஸ்ட்டுக்குத்தான்."

"நானா? என் குரலு கட்டைன்னு நீங்கதான சொல்லுவீங்க."

"மைக்குக்கு அதெல்லாம் தெரியவா போவுது? ஒரு நாலு தடவை பாடேன்."

பாடினேன். மைக் டெஸ்ட்டுக்குத்தானே. பாப்பாவை இடுப்பில் ஆட்டிக்கொண்டே, தாலாட்டு மெட்டுதானே என்று நாலு தடவை பாடினேன். நாலும் ஒரே மாதிரி. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒன்றே முக்கால் வருசமாக ஒரே இடத்தில் மூச்சு, ஒரே இடத்தில் இழுப்பு. இழுப்பை ஒரு நூல் மாற்றினாலும் பாப்பா கண்ணைத் திறந்து, "ம்?" என்பாள். அவளிடம் தேறியவளுக்கு மைக்கெல்லாம் ஒரு பரீட்சையா?

இவர் தலையில் பெரிய காதுமாட்டியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். "போதும். மைக் நல்லாத்தான் இருக்குது" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் விழாக் குழுவின் வாட்ஸப்பில் பாட்டு வந்தது. கேட்ட எனக்கு நம்ப முடியவில்லை. கம்பீரமான குரல். அகலமான குரல். கேட்கிற இடமெல்லாம் நிறைந்து நிற்கிற குரல். ஊரே பாராட்டியது. பக்கத்து வூட்டுச் செல்லி அக்கா வேலி மேலேயே ஏறி வந்து, "மாதவா, உன் தொண்டைக்குள்ள இம்மாம் பெரிய ஆளு எங்கடா ஒளிஞ்சிருந்தான்?" என்று கேட்டது. இவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். நான் உள்ளே போய் முட்டையை உடைத்தேன்.

அந்த வாரம் பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற நேரம். ஒரே அழுகை. மத்தியானம் இவர் கடைக்குப் போயிருந்தார். எனக்குப் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போனது. வேறு வழியில்லாமல் போனை எடுத்து, "இந்தா, அப்பா பாட்டுக் கேளு" என்று போட்டேன். போடும்போதே பயந்துதான் போட்டேன். ஏனென்றால் இவர் பாடி அவள் தூங்கியதாகச் சரித்திரம் இல்லை. தூங்குகிறவள் எழுந்ததாகத்தான் உண்டு.

ரெண்டு வரி. அழுகை நின்றது. நாலு வரி. தலையை என் தோளில் சாய்த்தாள். சரணம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பன் குரலுக்குத் தூங்குகிற பெண் இல்லையே இவள்.

அவள் எழுந்துவிடக் கூடாது என்று காதில் செருகுகிற ஒயரை எடுத்தேன். அதில் எடது பக்கம் செத்துப்போய் ரெண்டு மாசம். பாப்பா மென்று தின்றுவிட்டாள். வலது பக்கம் மட்டும்தான் கேட்கும். அதைக் காதில் வைத்தேன். பாட்டைப் போட்டேன்.

மேளம் வந்தது. உடுக்கை வந்தது. எங்க வூட்டுக்காரர் வரவில்லை.

நான் வந்தேன்.

என் கட்டைக் குரல். என் மூச்சு. வரி முடிகிற இடத்தில் பாப்பாவுக்காக நான் போடுகிற "ம்ம்". நடுவில் என் கண்ணாடி வளையல் குலுங்குகிற சத்தம். என் குரலை நான் அதற்கு முன்னால் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலியைத் தாண்டினேன்.

"அக்கா, உங்க காதுல மாட்டறது ரெண்டு பக்கமும் வேல செய்யுதா?"

"ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"குடுங்க சொல்றன்."

செல்லி அக்கா காதில் வலது பக்கத்தை மட்டும் வைத்தேன். அக்கா ரெண்டு வரி கேட்டது. என்னைப் பார்த்தது. இன்னும் ரெண்டு வரி கேட்டது.

"அடியேய், இது நீதான்டி."

"எடது பக்கம் வெச்சிப் பாருங்க."

வைத்தது. முகத்தைச் சுளித்தது.

"இது யாருடி, கெணத்துல விழுந்த கோழி?"

"அவருதான்."

"ரெண்டையும் ஒண்ணா வெச்சா?"

வைத்தோம். நடுவில் பெரிய ஆள் வந்து நின்றான். என் தடிமன் அவருடைய மெலிசுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பொம்பளைக் குரல் என்றே தெரியவில்லை. அந்தப் பெரிய ஆளில் பாதிக்கு மேல் நான். அவர் மேல்தோல் மட்டும்தான்.

"வரட்டும் அவன்" என்று செல்லி அக்கா கொண்டையை முடிந்தது. "கேக்கற கேள்வியில நாக்கப் புடுங்கிக்கணும்."

"வேணாக்கா. மொதல்ல நான் மொறையாக் கேக்கறன். மனுசன் மறந்திருப்பாரு."

மறுநாள் காலை. களி கிண்டிக்கொண்டே முறையாகக் கேட்டேன்.

"ஏங்க, அந்தப் பாட்டுல உங்க கூட வேற யாரும் பாடியிருக்காங்களா?"

"யாரு பாடுவா? நானேதான். ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையும் நீங்களேவா?"

"பின்ன என்னா, முனியப்பன் வந்து பாடினாரா?"

களித்துடுப்பு என் கையில் நின்றுவிட்டது. கண்ணைச் சிமிட்டாமல் சொல்கிறார். அதோடு விடவில்லை. போனை எடுத்து, திருவிழாவுக்கு அடித்த பேனரைக் காட்டினார். காதுமாட்டியோடு இவர் படம், ஒரு ஆள் உயரத்துக்கு. கீழே: எழுத்து, இசை, குரல் – குரல் வேந்தர் மாதவராஜ்.

வேந்தர். எனக்குப் புரையேறிவிட்டது.

"ஏங்க, ஒரு ஓரமா எம்பேரும் போட்டிருக்கலாம்ல?"

"உம்பேரா? எதுக்கு?"

"சும்மாதான். நானும் ஏதோ பாடினேன்ல."

"மைக் டெஸ்ட்டு பண்ணதுக்கெல்லாம் பேனர்ல பேரு போட்டா ஊரு சிரிக்கும் கலை." களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டார். "அதுவுமில்லாம உன் குரலு மேடைக்கு ஆவாது. நீ வூட்டோட பாடு."

வாயை மட்டும் அசை, போதும். அதே பேச்சு. டீச்சருக்கு மீசை முளைத்து எதிரில் உட்கார்ந்து களி தின்ற மாதிரி இருந்தது. பாப்பா நாளைக்குப் பெரியவளாகி, "இந்தப் பாட்ட யாரும்மா பாடினது?" என்று கேட்டால் நான் பேனரைத்தானே காட்ட வேண்டும்? அன்றைக்கு முடிவு பண்ணினேன். சண்டை போடக் கூடாது. சத்தம் போடக் கூடாது. என் சத்தத்தை அவர்தான் ஏற்கெனவே எடுத்துவிட்டாரே. அதுவே போய்ப் பேசட்டும்.

திருவிழா அன்று காலை ஏழு மணிக்குச் சாமிக்குப் படையல். எட்டு மணிக்கு மேடையில் இவர் பாட்டு. மேடையில் பாட்டு என்றால் என்ன? இவர் கையில் மைக் இருக்கும், ஆனால் அணைத்திருக்கும். போனில் பாட்டு ஓடும். இவர் வாயை அசைப்பார். மைக் செட்டு போடுகிற தர்மன் அண்ணனிடம் இவர் இதை ரகசியமாகச் சொன்னதை, நான் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டே கேட்டேன்.

இவர் வேட்டி மாற்ற வூட்டுக்குப் போனார். நான் ஒரு டம்ளர் காபியோடு தர்மன் அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, இது என்னாங்கண்ணா, போன்லருந்து வர்ற ஒயரு ரெண்டாப் பிரியுது?"

"வெள்ளை எடது. செவப்பு வலது."

"ரெண்டையும் சொருகுவீங்களா?"

"நம்ம பெட்டிக்கு ஒரு ஓட்டைதாம்மா. மரத்துல கட்டுற ஸ்பீக்கர் கொழாயிக்கு எடது ஏது, வலது ஏது? எப்பவும் வெள்ளையைச் சொருகிட்டுப் போயிட்டே இருப்பன்."

பாருங்கள், ஊரே காதுமாட்டியில் கேட்கும் என்று நினைத்து எடது, வலது பிரித்து வைத்த மேதை, ஊருக்கு ஒரே ஓட்டை என்பதை மறந்துவிட்டார்.

"செவப்பச் சொருகினா கெட்டுப் போயிருமாண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. எல்லாம் ஒரே பாட்டுத்தான."

"அப்ப இன்னைக்குச் செவப்பே சொருகுங்கண்ணா. முனியப்பனுக்குச் செவப்புதான ஆவும்."

தர்மன் அண்ணன் யோசித்தார். சாமியைப் பார்த்தார். சாமி இடுப்பில் செவப்புத் துண்டு. "நீ சொல்றதும் சரிதாம்மா" என்று வெள்ளையைப் பிடுங்கி, செவப்பைச் சொருகினார். காபி நன்றாக இருக்கிறது என்றார்.

எட்டு மணி. இவர் பட்டு வேட்டியில் மேடை ஏறினார். சத்தம் குடிக்கிறதை விட்டுவிட்டு, இடுப்பில் கட்டவாவது ஒரு பட்டு பயன்பட்டதே என்று நினைத்துக்கொண்டேன். ராஜாமணி மாமா ஒரு மாலையைப் போட்டார். மேளம் ஓடியது. உடுக்கை ஓடியது. இவர் ஒரு கையை மேலே தூக்கி, கண்ணை மூடி, வாயைத் திறந்தார்.

மரத்துக்கு மரம் கட்டியிருந்த குழாயிலெல்லாம் நான் வெளியே வந்தேன்.

இவர் கண்ணைத் திறந்தார். வாய் திறந்தபடியே இருந்தது. பாட்டு நிற்காதே. வேறு வழியில்லாமல் வாயை அசைத்தார். மீசைக்கு அடியிலிருந்து பொம்பளைக் குரல் ஊருக்கே கேட்டது.

பொரி விற்கிறவர் படியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது எல்லாரும் என் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று முந்தானையைச் சரிசெய்தேன்.

ஒருத்தரும் திரும்பவில்லை. முன்வரிசையில் ராமக்காள் என்கிற பெரியம்மா, எழுந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆத்தா வந்துட்டா. மாதவன் மேல ஆத்தா வந்துட்டா."

"முனியப்பன் கோயில்ல ஆத்தா எங்கருந்து வந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெரிய ரோட்டுல போயிட்டிருந்திருப்பா. பாட்டக் கேட்டு எறங்கியிருப்பா."

அவ்வளவுதான். நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். ஒருத்தர் விபூதியை அள்ளித் தலையில் கொட்டினார். ஆத்தா வந்தால் வேப்பிலை வேண்டுமே என்று செல்லி அக்கா எங்கிருந்தோ ஒரு கொத்தை ஒடித்து வந்து, மனசுக்குள் இருந்த கணக்கையெல்லாம் சேர்த்து இவர் முதுகில் நாலு போட்டது. அக்காவுக்கு விசயம் தெரியும். அதனால்தான் கொத்து அவ்வளவு பெரிசு.

நான் நினைத்தேன், இத்தோடு மனுசன் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று. என் புருசனை எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு நொடி யோசித்தார். கண்ணை மேலே செருகினார். லேசாக ஆட ஆரம்பித்தார்.

ஆத்தா வந்தே விட்டதாம்.

பாட்டு ஒரு சரணம் முடிந்து மேளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ராஜாமணி மாமா பயபக்தியோடு கிட்டப் போனார்.

"தாயே, எதுக்கு வந்திருக்கே? உனக்கு என்னா வேணும், சொல்லு."

இவர் இன்னும் மெல்லிசாகக் குரலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் சந்தோசந்தான். அந்தப் பேனர மட்டும்... எப்பவும் எடுக்காதீங்க."

பொறுத்தது போதும். பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தர்மன் அண்ணனின் பெட்டிக்கு நடந்தேன். "கொஞ்சம் தள்ளுங்கண்ணா" என்றேன். செவப்பைப் பிடுங்கினேன். வெள்ளையைச் சொருகினேன்.

அடுத்த சரணம் ஆரம்பித்தது. ஊர் முழுக்கக் கோழி கிணற்றில் விழுந்தது.

என் இடுப்பில் நல்ல தூக்கத்திலிருந்த பாப்பா திடுக்கிட்டு எழுந்து வீரிட்டாள். கட்டியிருந்த கிடா கயிற்றை இழுத்தது. ராமக்காள் பெரியம்மா உதட்டைப் பிதுக்கியது.

"ஆத்தா எறங்கிட்டா."

"பாவம், பையன் களைச்சிப் போயிட்டான். தண்ணி குடுங்க" என்றார் ராஜாமணி மாமா. ஒரு சொம்பு தண்ணீர் மேடைக்குப் போனது. இவருக்கும் நிஜமாகவே தாகம். சொம்பை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

நான் காத்திருந்தது அந்த ஒரு மடக்குக்குத்தான். வெள்ளையைப் பிடுங்கினேன். செவப்பைச் சொருகினேன்.

"எல்லை காக்கும் முனியப்பா."

குழாயெல்லாம் கணீரென்று என் குரல். பாப்பாவின் அழுகை பட்டென்று நின்றது. மேடையில் இவர் வாய் நிறையத் தண்ணீர். கன்னம் ரெண்டும் உப்பி, முழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், மடக் மடக்கென்று தொண்டை ஏறி இறங்குகிறது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஊர் இவரைப் பார்த்தது. அப்புறம் குழாயைப் பார்த்தது. குழாயிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே பார்வை மெல்ல இறங்கி வந்து, என் கையில் வந்து நின்றது.

"மாதவா," என்றார் ராஜாமணி மாமா, "தண்ணி குடிச்சிட்டே எப்படிடா பாடுற?"

இவருக்குப் புரையேறியது. பட்டு வேட்டியெல்லாம் தண்ணீர்.

"அப்ப ஆத்தா யாருதான்?"

"எங்க பக்கத்து வூட்டு ஆத்தாதான்" என்றது செல்லி அக்கா. "தோ நிக்கறா பாருங்க, கொழந்தைய வெச்சிக்கிட்டு."

எல்லாரும் திரும்பினார்கள். நான் ரெண்டாம் முறையாக முந்தானையைச் சரிசெய்தேன். ராஜாமணி மாமா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"ஏம்மா கலைமதி, இது நீ பாடினதா?"

"ஆமாங்க மாமா. மைக் டெஸ்ட்டுக்கு."

மாமா பேனரைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "அந்தச் செவப்பே இருக்கட்டும் தர்மா" என்றார். "வெள்ளையைத் தொடாத. கிடா பயப்படுது."

அன்றைக்கு என் பாட்டு பதினாலு தடவை ஓடியது. தாலாட்டு மெட்டு இல்லையா, பத்து மணிக்குள் ஊரிலிருந்த கைக்குழந்தையெல்லாம் தூங்கிவிட்டது. விழாக் குழுவில் ராகிக் கூழைப் பசையாகத் தடவி ஒரு தாளில் என் பேரை எழுதி, பேனரில் அவர் பேர் மேல் ஒட்டினார்கள். படத்தை மாற்ற நேரமில்லை. திருவிழா நடந்த மூன்று நாளும் நான் மீசையோடுதான் நின்றேன். இருந்தாலும் என் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. வந்த டீச்சர் ஒருத்தர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அது எங்க பிரேயர் டீச்சரா என்று சரியாகத் தெரியவில்லை. அவர்தான் என்று நானே வைத்துக்கொண்டேன்.

இவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. களியை மட்டும் தின்றார். கடையில் ஒயரோடு போன் கொண்டு வருகிறவர்கள், "வெள்ளையா, செவப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டியிலிருந்து கோயில்காரர்கள் சிலர் வந்தார்கள். அவர்களுக்கும் பாட்டு வேண்டுமாம். "பாடின அம்மா இருக்காங்களா?" என்று கேட்டு வந்தார்கள். இவர்தான் கதவைத் திறந்தார். என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஸ்டுடியோவுக்குள் போனேன். முதலில் டீ வடிகட்டியை எடுத்துச் சமையல்கட்டில் மாட்டினேன். அந்த இடத்தில் இவருடைய பழைய வேட்டித் துணியைக் கட்டினேன். பாடினேன். ரெண்டாந்தடவையும் பாடினேன். ஒன்றை எடது, ஒன்றை வலது என்று வைத்துக் கேட்டேன். எப்படி வைப்பது என்றா கேட்கிறீர்கள்? எட்டு நாள் கதவு இடுக்கில் பாப்பாவோடு நின்று பார்த்தவளுக்கு அது தெரியாதா?

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. நான் ரெண்டு தடவை பாடினால் ரெண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்து தொலைக்கிறது. சத்தம் கூடியது, சதை கூடவில்லை. கொஞ்சூண்டு வித்தியாசம் வேண்டும். அடியில், ஓரமாக, இருக்கிறதே தெரியாமல், மெல்லிசாக ஒரு குரல் வேண்டும்.

கதவைத் திறந்து தலையை நீட்டினேன். வாசலில் இவர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டேன்.

"ஏங்க, இந்த மைக்குல என்னமோ கொர்ருங்குது. கொஞ்சம் வந்து ஒரு நாலு தடவை பாடுங்களேன். சும்மா மைக் டெஸ்ட்டுக்குத்தான்."